ஒரு முழு பிரீஃப், மூன்று காப்பி

ஆங்கிலம் தெரிந்த பெண்ணையும், தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பெண்ணையும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. இருவரும் ஒரே மாதிரிதான் நிமிர்ந்து நடப்பார்கள். எதிரே ஒரு வெள்ளைக்காரி வந்து உட்காரும்போதுதான் யார் யார் என்று தெரியவரும். நான் இரண்டாவது ரகம். இருபத்தொரு வயதில் அது எனக்கும் தெரியாது, என்னை வேலைக்கு எடுத்த திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் தெரியாது.

எங்கள் ஊர் அவிநாசிபாளையத்திலிருந்து உள்ளே தள்ளி. அந்தச் சுற்று வட்டாரத்தில் ஆங்கில இலக்கியம் படித்து முதல் வகுப்பில் தேறிய பெண் நான் ஒருத்திதான். மருந்து பாட்டில், பேங்க் கடிதம், உரமூட்டை என எதில் ஆங்கிலம் எழுதியிருந்தாலும் என்னிடம்தான் வரும். ஒருமுறை யாரோ மோட்டாருடன் வந்த கையேட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அது ஜெர்மன் மொழியில் இருந்தது. அதையும் படித்து விளக்கம் சொன்னேன். (அந்த மோட்டார் ஒரு வாரம்தான் ஓடியது. அதற்கு நான் பொறுப்பில்லை.)

தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. திருப்பூரில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி வாசலில்தான் விழ வேண்டும். எங்கள் முதலாளி சென்னியப்பன் அதுவரை உள்ளூர்க் கடைகளுக்குப் பனியன் தைத்துக்கொண்டிருந்தவர். எட்டாவது வரைதான் படித்தவர். ஆனால் துணியைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டே நூல் எந்த மில்லில் வாங்கியது என்று சொல்லிவிடுவார். காலர் வைத்த டி-சர்ட் தைத்து, இடையில் யாரும் இல்லாமல் நேரடியாக வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது அவருடைய கனவு. அந்தக் கனவை ஆங்கிலத்தில் டைப் அடித்து அனுப்பத்தான் என்னை வேலைக்கு வைத்தார்.

அப்பா சுலபமாக விடவில்லை. ஆறு மாதம் கெடு கொடுத்தார். "அதுக்குள்ள பேரு கெட்டுச்சுன்னா பேசாம ஊடு வந்து சேர்ந்துரோணும் கண்ணு. கணியூர்க்காரங்க கேட்டுட்டே இருக்காங்க" என்றார். கணியூரில் எனக்கு மாப்பிள்ளையாகப் பார்த்திருந்த தூரத்துச் சொந்தம் ஒருவர் கோழிப்பண்ணை வைத்திருந்தார். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கோழிகளுக்கு ஆங்கிலம் தேவைப்படாது என்பது ஒன்றுதான் குறை.

ஐந்து மாதம் கடிதமாக எழுதித் தள்ளினேன். லண்டனுக்கு எழுதினேன், பாரிசுக்கு எழுதினேன், வரைபடத்தில் விரல் பட்ட ஊருக்கெல்லாம் எழுதினேன். ஒருவரும் பதில் போடவில்லை. முதலாளி புதிதாக ஃபேக்ஸ் மெஷின் வாங்கி, சந்தனப் பொட்டு வைத்து, என் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். நாங்கள் இருவரும் சேர்ந்து சும்மா உட்கார்ந்திருந்தோம்.

ஒரு திங்கட்கிழமை காலை அந்த மெஷின் கிறீச்சிட்டது.

இங்கிலாந்திலிருந்து ஒரு கம்பெனி. கோயமுத்தூருக்கு வருகிறார்களாம், வியாழக்கிழமை எங்கள் யூனிட்டையும் பார்க்க வருகிறார்களாம். முதலாளி சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டு வந்து, "முழுசாப் படிங்க அம்மணி" என்றார். படித்தேன். கடைசியில் நாலு வரி இருந்தது. நாங்கள் வரும்போது ஒரு முழு பிரீஃப் தயாராக இருக்கட்டும். அது ஆண்கள், பெண்கள் எல்லோரையும் கவர் செய்ய வேண்டும். எதையும் மறைக்க வேண்டாம். அதிக நீளம் வேண்டாம், மூன்று காப்பி போதும்.

இந்த இடத்தில் நான் போட்ட கணக்கைச் சொல்லியாக வேண்டும். முட்டாள்தனம் சும்மா வந்துவிடவில்லை, இலக்கணப்படி வந்தது. கல்லூரியில் 'பிரீஃப்' என்றால் சுருக்கமான என்று படித்திருந்தேன். அது பெயரடை. இங்கே அதற்கு முன்னால் 'ஒரு' என்று இருக்கிறது. ஆக, இது பெயர்ச்சொல். கையில் எடுக்கக்கூடிய பொருள். திருப்பூரில் பிரீஃப் என்ற பெயரில் கையில் எடுக்கக்கூடிய பொருள் ஒன்றே ஒன்றுதான். ஊரில் பாதிக் கம்பெனிகள் அதைத்தான் தைத்துக்கொண்டிருந்தன. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஓர் ஆணழகன் அதை மட்டும் போட்டுக்கொண்டு விளம்பரப் பலகையில் நின்றான்.

மேஜை மேல் தடிமனான அகராதி ஒன்று இருந்தது. முதலாளி எனக்காகவே வாங்கிப் போட்டது. ஆங்கில இலக்கியம் படித்தவள் அகராதியைப் புரட்டினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அதைத் தொடவே இல்லை. அதன் மேல் டீ டம்ளர் வைத்துப் பழகியிருந்தேன்.

"பிரீஃப்னா என்னங்க அம்மணி?" என்று முதலாளி கேட்டார்.

அந்தக் காலத்தில் ஒரு கல்யாணமாகாத பெண் தன் முதலாளியிடம் அந்தச் சொல்லைத் தமிழில் சொல்ல முடியாது. "அதுங்க... உள்ள போடறதுங்க" என்றேன்.

"உள்ளன்னா? பொட்டிக்குள்ளயா?"

"இல்லீங்க. பேண்ட்டுக்குள்ளீங்க."

அவர் ஃபேக்ஸ் தாளைக் கையில் வாங்கினார். நாம் டி-சர்ட்டுக்கு அல்லவா எழுதினோம் என்று மெதுவாகக் கேட்டார். புது ஆளைச் சோதித்துப் பார்க்க முதலில் சின்ன உருப்படியில்தான் தொடங்குவார்கள், அது வெளிநாட்டு வழக்கம் என்றேன். வெளிநாட்டு வழக்கம் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று கேட்க அங்கே ஆள் இல்லை. அவர் நம்பினார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

வேலை கட்டிங் மாஸ்டர் முத்தையாவிடம் போனது. அவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருடமாகத் திருப்பூரில் கத்தரி பிடித்தவர். சும்மா தலையாட்டுகிற ஆள் இல்லை. முதல் கேள்வியிலேயே மடக்கினார். நாங்கள் ஜட்டிக்கு லேபிள் ஒட்டும்போது கடைசியில் 'எஸ்' வரும், 'பிரீஃப்ஸ்' என்றுதான் போடுவோம், இதில் எஸ்ஸைக் காணவில்லையே என்றார்.

அங்கேயே நான் தப்பித்திருக்கலாம். ஆனால் நான் சிரித்துக்கொண்டே, "ஒண்ணே ஒண்ணுதானே மாஸ்டர் கேட்டிருக்காங்க, அதனால எஸ் வராதுங்க" என்று இலக்கணம் சொல்லிக்கொடுத்தேன்.

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரிம்மா. ஆனா எல்லாத்தையும் மூடணும்ங்காவ, எதையும் மறைக்கப்படாதுங்காவ. ரெண்டும் ஒரே ஜட்டியில எப்படிம்மா நடக்கும்?"

ஃபேஷன் என்றேன். தெரியாததற்கெல்லாம் திருப்பூரில் அந்தப் பெயர்தான்.

மாஸ்டர் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தீர்வோடு வந்தார். ஃபுட்பால் பனியனுக்கு வாங்கி மிஞ்சிய வெள்ளை நெட் துணி ஒரு சுருள் கிடந்தது. கண் கண்ணாக ஓட்டை போட்ட துணி. அதில் தொப்புளுக்கு மேலே ஏறி நிற்கிற மாதிரி ஒரு பெரிய ஜட்டி. மூடவும் மூடும், மறைக்கவும் மறைக்காது. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக இடுப்பில் நல்ல இழுவை இலாஸ்டிக். அதிக நீளம் வேண்டாம் என்பதால் தொடையில் ஒட்ட வெட்டியிருந்தார். போட்டுப் பார்க்க யாரும் முன்வரவில்லை. எனவே தண்ணீர்க் குடத்துக்கு மாட்டிப் பார்த்தார்கள். குடத்துக்குக் கச்சிதமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை முதலாளியின் மனைவி வந்தார். முதன்முதலில் வெளிநாட்டுக்காரர்கள் கையில் கொடுக்கும் பொருளை வெறுமனே கொடுக்கக் கூடாது என்று ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஒரு சரம் மல்லிகை எல்லாம் வைத்து, நடுவில் அந்த மூன்றையும் மடித்து வைத்தார். ஒவ்வொன்றின் மேலும் ஒரு ரோஜாப்பூ. சுற்றி நின்று எல்லோரும் பார்த்தோம். அழகாகத்தான் இருந்தது.

பதினோரு மணிக்குக் கார் வந்தது. ஹில்டா என்று ஓர் ஐம்பது வயது அம்மாள், கூட இரண்டு இளைஞர்கள். இளநீர் குடித்தார்கள். தையல் பகுதியைச் சுற்றிப் பார்த்தார்கள். டி-சர்ட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். அதுவரை எல்லாம் நன்றாகப் போனது. என் ஆங்கிலமும் நன்றாகப் போனது, ஏனென்றால் 'யெஸ் மேடம்' தவிர வேறெதுவும் தேவைப்படவில்லை.

பிறகு ஆபீஸ் அறையில் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, பிரீஃப் தயாராக இருக்கிறதா என்று ஹில்டா அம்மாள் கேட்டார்.

முதலாளி கண்ணைக் காட்டினார். நான் தாம்பாளத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். "நீங்கள் கேட்டபடியே முழு பிரீஃப், மேடம். ஆண், பெண் எல்லோரையும் கவர் செய்யும். எதையும் மறைக்காது. மூன்று காப்பி" என்று மனப்பாடம் செய்து வைத்திருந்த ஆங்கிலத்தில் ஒரு பிழையில்லாமல் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமான உச்சரிப்பு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

அவர் ரோஜாவை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டு விரலால் மேலே இருந்ததைத் தூக்கினார். அது மடிப்பு விரிந்து, விரிந்து, இன்னும் விரிந்து ஒரு சின்னத் திரைச்சீலை மாதிரி தொங்கியது. இளைஞர்களில் ஒருவர் மின்விசிறியை நிமிர்ந்து பார்க்கத் தொடங்கினார். இன்னொருவருக்கு இருமல் வந்துவிட்டது. ஹில்டா அம்மாள் அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். அந்த ஓட்டைகள் வழியாக அவர் முகம் எனக்குத் தெரிந்தது. என் முகம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"எதையும் மறைக்கவில்லை" என்றார் அவர் நிதானமாக. "அது உண்மைதான்."

பிறகு அவர் தன் பையிலிருந்து ஃபேக்ஸின் நகலை எடுத்து, அந்த வரியைப் பேனாவால் தொட்டுக் காட்டி, பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். பிரீஃப் என்றால் கம்பெனி பற்றிய சுருக்கமான குறிப்பு. எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள், எத்தனை மெஷின், வேலை நேரம் என்ன, வசதி எப்படி. குறையிருந்தால் மறைக்காமல் எழுதச் சொன்னோம். அவ்வளவுதான்.

அந்த நெட் துணியின் ஓட்டை எதிலாவது நுழைந்து அந்தப் பக்கம் போய்விடலாமா என்று இருந்தது எனக்கு. முதலாளியோ நாற்காலி நுனிக்கு வந்து, "என்னங்க அம்மணி சொல்றாங்க? அளவு பத்தலைங்களா?" என்றார்.

"மொதலாளி, அவங்க கேட்டது இது இல்லீங்க."

"பின்ன?"

"நம்ம கம்பெனியப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் கேட்டிருக்காங்க. எனக்குத்தான் அர்த்தம் தெரியலீங்க."

ஐந்து மாதத்தில் அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. முதலாளி என்னைத் திட்டவில்லை. கை நீட்டி, வெற்றிலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, மீதி இரண்டு ஜட்டிகளின் மேல் பரப்பி மூடினார்.

ஹில்டா அம்மாள் என்னை உட்காரச் சொன்னார். எழுதியது இல்லாவிட்டால் போகட்டும், வாயால் சொல் என்றார். உட்கார்ந்து ஆரம்பித்தேன். உருட்டி வைத்திருந்த பெரிய பெரிய வார்த்தைகள் எதுவும் வாயில் வரவில்லை. சின்னச் சின்ன வாக்கியமாக வந்தது. இருபத்தாறு பெண்கள், பதினாறு ஆண்கள். பெண்களில் பாதிப் பேர் காலை ஆறு மணி பஸ்ஸில் கிராமங்களிலிருந்து வருகிறார்கள், அந்த பஸ் வராத அன்று அரைச் சம்பளம். இரண்டு பேர் கைக்குழந்தையோடு வருகிறார்கள், கட்டிங் டேபிளுக்கு அடியில் தூளி கட்டிக்கொள்ளலாம் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். மதியம் எல்லோருக்கும் மோர் உண்டு. பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நிற்க வேண்டும், நானும் அப்படித்தான் நிற்கிறேன்.

முதலாளிக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் 'டாய்லெட்' தெரியும், தாழ்ப்பாளை நான் கையால் போட்டுக் காட்டிய சைகையும் புரியும். அந்தச் சொல் வந்தபோது அவர் நிமிர்ந்ததைப் பார்த்தேன். வேலை போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டு மிச்சத்தையும் சொல்லி முடித்தேன். அந்த அம்மாள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

எழுதி முடித்ததும் பக்கத்தில் வைத்திருந்த ஜட்டியை எடுத்துத் திருப்பி, இதைத் தைத்தது யார் என்று கேட்டார். மாஸ்டரைக் கூப்பிட்டோம். முத்தையா வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஓட்டைத் துணியில் ஒரு கண் கூடப் பிய்யாமல் இலாஸ்டிக் ஏற்றியிருந்ததைத் தையலோடு தையலாக ஹில்டா அம்மாள் அந்த இளைஞர்களுக்குக் காட்டி மெச்சினார். மாஸ்டர் அதைத் திட்டு என்று எடுத்துக்கொண்டார். "எம்மேல தப்பு இல்ல தாயி. எஸ் இல்லன்னு நான் அப்பவே சொன்னேன்" என்று அந்த அம்மாளிடம் தமிழிலேயே முறையிட்டார். அதை நான் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. அப்போதுதான் ஹில்டா அம்மாள் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். இருமிக்கொண்டிருந்தவரும் இருமலை விட்டுவிட்டுச் சிரித்தார். முதலாளி எதற்கென்றே தெரியாமல் கூடச் சேர்ந்து சிரித்தார். போகும்போது மூன்று காப்பியையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

கார் போனதும் ராஜினாமாக் கடிதம் எழுதினேன், தமிழில். இனிமேல் ஆங்கிலத்தில் எதையும் எழுதும் தைரியம் இல்லை. முதலாளி படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அம்மணி, இத்தன மாசமா லெட்டர் போட்டும் ஒருத்தன் எட்டிப் பாக்கல. வந்தவங்களும் கோவிச்சுட்டுப் போகல. கொஞ்சம் பொறுங்க" என்றார். வாசல் வரை போனவர் திரும்பி, "தாப்பாள் இல்லீன்னு எங்கிட்டத்தான மொதல்ல சொல்லியிருக்கோணும்" என்றார். அன்று மத்தியானமே ஆசாரி வந்து மாட்டிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் டீ டம்ளரை எடுத்துவிட்டு அகராதியைத் திறந்தேன். லத்தீனில் குட்டையானது என்று பொருள்படும் ஒரு சொல்தான் மூலமாம். அதிலிருந்து முதலில் சின்னக் கடிதம் வந்திருக்கிறது. ஜெர்மன்காரர்கள் இன்றைக்கும் கடிதத்தை அந்தப் பெயரில்தான் அழைக்கிறார்களாம். (மோட்டார்க் கையேட்டுக்கு விளக்கம் சொன்ன எனக்கு இது புதுச் செய்தி.) பிறகு வக்கீல் கையில் கொடுக்கும் வழக்குச் சுருக்கம். அந்தக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு போக ஒரு பெட்டி, அதுதான் பிரீஃப்கேஸ். கடைசியாக, குட்டையாக இருப்பதால் ஜட்டி. ஒரு வயிற்றில் பிறந்தவர்களில் ஒருவன் கோர்ட்டுக்குப் போனான், ஒருவன் ஆபீசுக்குப் போனான், திருப்பூருக்கு வந்தவனை மட்டும் நான் தெரிந்துவைத்திருந்தேன். பக்கத்தை மூடும் முன் அந்த வரிகளை இன்னொரு தடவை படித்தேன். மூன்று வருடக் கல்லூரிப் படிப்பில் எந்தப் பக்கத்தையும் அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

இரண்டு வாரம் கழித்து ஃபேக்ஸ் மெஷின் மறுபடி கிறீச்சிட்டது. டி-சர்ட்டுக்குச் சின்னதாக ஒரு ஆர்டர். அடியில், வேலை எந்த அளவில் இருக்கிறது என்று வாரம் ஒரு பிரீஃப் அனுப்பவும், அணிவதற்கு அல்ல, என்று எழுதியிருந்தது. முதலாளி அந்த வரியை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். என் ராஜினாமாக் கடிதம் என்ன ஆனது என்று இன்று வரை தெரியாது.

திருப்பூரில் நடந்தது எங்கள் ஊருக்குப் போய்ச் சேர பஸ்ஸே தேவையில்லை. ஜட்டியைக் காட்டி வெள்ளைக்காரியிடம் ஆர்டர் பிடித்த பெண் என்று செய்தி போயிருந்தது. கணியூர்க்காரர்கள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். அப்பா ஒரு வாரம் என்னுடன் பேசவில்லை. எட்டாம் நாள் சாப்பிடும்போது, "குடத்துக்கு மாட்டிப் பாத்தீங்கன்னு சொல்றாங்களே, நெசமா?" என்று கேட்டார். ஆமாங்கப்பா என்றேன். சோற்றுக் கையோடு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். அவர் தோள் குலுங்குவதை அம்மா பார்த்திருக்கிறாள்.

இரண்டு வருடம் கழித்து தாராபுரத்திலிருந்து ஒரு வக்கீல் என்னைப் பெண் பார்க்க வந்தார். ஒரு மணி நேரம் தாமதம். என்னுடன் பேச ஐந்து நிமிடம் விட்டபோது, மன்னிப்புக் கேட்கிற பாவனையில், "காலைல திடீர்னு ஒரு பிரீஃப் வந்துருச்சுங்க" என்றார். நான் சிரித்தேன். நிறுத்த முடியவில்லை. ஏன் என்று கேட்டார். எதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் கூடத்திலிருந்த பெரியவர்கள் என்னவோ ஏதோ என்று எழுந்து வந்துவிட்டார்கள். கல்யாணம் முடிவானது அங்கேதான்.

அவர் ஆரம்பித்து வைத்ததுதான் எங்கள் வீட்டுப் பேச்சு வழக்கு. யாராவது வளவளவென்று பேசினால் எங்கள் வீட்டில் 'சுருக்கமாச் சொல்லு' என்று சொல்வதில்லை. 'ஜட்டியாச் சொல்லு' என்போம். என் மகள் பேசப் பழகியதே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை தமிழ் டீச்சரிடமே அவள் அப்படிச் சொல்லிவிட, நான் போய்க் கைகட்டி நின்ற கதை தனி.

அந்த மகளுக்குப் போன வருடம் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் பெரியப்பா மைக்கைப் பிடித்து, குலம் கோத்திரத்தில் தொடங்கி முக்கால் மணி நேரமாகியும் மாப்பிள்ளை பிறந்த இடத்துக்கே வந்து சேரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர், முப்பது வருடக் கோர்ட்டுப் பழக்கத்தில் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "சம்பந்தி, கொஞ்சம் ஜட்டியாச் சொல்லீருங்க" என்றார். மைக் அதை மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது.

முன்னூறு பேர் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள், அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மறுபடியும் ஒரு தாம்பாளத்துக்கு முன்னால் நின்று, ஆதியோடு அந்தமாக எல்லாவற்றையும் விளக்க வேண்டியதாயிற்று. மாப்பிள்ளையின் அம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இந்தச் சம்பந்தம் போச்சு என்றே நினைத்தேன்.

மறுநாள் காலை அவரிடமிருந்து போன் வந்தது.

"ஏனுங்க சம்பந்தி," என்றார் மிகுந்த மரியாதையோடு, "அடுப்புல பாலு வெச்சிருக்கறேனுங்க, அதனால ஜட்டியாவே கேட்டுப்போடறேன். முகூர்த்தப் பொடவை எடுக்க எப்ப வர்றீங்க?"